நாற்பத்தொன்றாம் நம்பர் கோட்டு

காலை ஏழு மணிக்கு ரிஸ்னா தங்கள் சலவைக்கடையான லோண்டரியிலிருந்து எடுத்துக்கொண்டு போன கோட்டை மாலை நான்கு மணிக்கு முன்னர் அதே கம்பியில், அதே இடத்தில் கொழுவிவிட வேண்டும். அவளுக்கு அன்று வேறு வேலை இல்லாமல் இல்லை. இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு, பெற்றார் முன்னிலையில், பிரெஞ்சு மொழியில் உடுப்புகளின் பெயர் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள், பெற்றார், அதிபர், பிரான்ஸ் தேசம் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும் அந்தக் கோட்டை மறுதட்டிலும் வைத்தால் கோட்டுத்தான் தாழும்.

அப்படியொரு கோட்டு. கறுப்புக் கம்பளி. முழங்காலைத் தாண்டிய நீளம். தோளில் போட்டால் யாரோ ஒரு மாமா ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கட்டுகஸ்தோட்டைப் பாலம் கட்டிய நாளிலிருந்து அந்த ஊருக்குள் அப்படியொரு உடுப்பு நுழைந்திருக்காது. அம்பிட்டியவில் இருக்கும் பாலேந்திரன் என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர் அன்றிரவு விமானத்தில் பிரான்சுக்கு, மகனிடம் போகிறார். ஜனவரி மாதம். அங்கே மூச்சு விட்டால் மூச்சே உறைந்து காலில் விழும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்த மச்சான் தன் பழைய கோட்டைப் பார்சலில் அனுப்பினார். அது லோண்டரிக்கு வந்தது. கழுத்துப் பட்டியில் வெள்ளைத் துணியில் 41 என்று எழுதித் தைத்திருந்தது.

அந்த எண்ணைத் தவிர லோண்டரியில் வேறு எழுத்து கிடையாது. கடையை நடத்துபவன் ரிஸ்னாவின் நானா, அதாவது அண்ணன், அரூஸ். பற்றுச்சீட்டு இல்லை, எழுதிவைக்கக் கொப்பி இல்லை. எந்த உடுப்பு யாருடையது, எந்தப் பொத்தான் ஆடுகிறது, எந்த மடிப்பில் குழம்புக் கறை, எப்போது வந்து எடுப்பார்கள் என்பதெல்லாம் தலைக்குள். வத்தேகமவிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரைக்கும் உள்ள ஆண்களின் இடுப்பளவு அவனுக்குத் தெரியும். யாருடையது போன நோன்புக்குப் பிறகு கூடியது என்பதும் தெரியும். ஒருமுறை ஒருவர் வம்புக்கு நூறு உடுப்புகளைக் கலைத்துப் போட்டுச் சோதித்தார் என்றும், அரூஸ் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே பிரித்தான் என்றும் ஊரில் பேச்சு. நூறு என்பதை ஐம்பது என்று வைத்துக்கொண்டாலும் பெரிய விஷயம்தான்.

இந்த வித்தை அவர்களுடைய வாப்பாவுக்கும் இருந்தது. பிறகு ஒருநாள் வாப்பா ஒரு மணமகனின் கோட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். மணமகனின் கையிலேயே கொடுத்தேன் என்று அடித்துச் சொன்னார். அன்று எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வருடம் கழித்துச் சாகக் கிடந்து மௌத்தாகும்போது அரூஸைப் பார்த்து, தம்பி நீங்க எந்த ஊர் என்று கேட்டார்.

*

ரிஸ்னாவுக்குக் கோட்டு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஸிபான்தான் பொறுப்பு. இரண்டாம் வகுப்பு. முன்பற்கள் இரண்டும் கிடையாது. கேள்விகள் அந்த இடைவெளி வழியாகத் தடையின்றி வரும்.

மடவளையில் அவள் படிப்பிக்கும் சர்வதேசப் பாடசாலையின் பெயர்ப்பலகையில் ஐந்து மொழிகள் எழுதியிருந்தன. நான்கு மொழிகளுக்கு ஆள் இருந்தது. ஐந்தாவது பிரெஞ்சு, அதற்கு ரிஸ்னா. மூன்று மாதத் தவணை வேலை. தவணை முடிவில் பெற்றாரை அழைத்து ஒரு வகுப்பை நடத்திக் காட்ட வேண்டும். அது சரிவராவிட்டால் பிரெஞ்சுக்குப் பதிலாக நீச்சல் சேர்ப்பதாக அதிபர் சஞ்சீவனி சொல்லியிருந்தார். பாடசாலையில் நீச்சல் குளம் இல்லை. அது நீச்சலின் மதிப்பை எந்த வகையிலும் குறைக்கவில்லை.

ரிஸ்னா சும்மா இருக்கிற ஆள் இல்லை. கரும்பலகையில் சொல்லை எழுதி முப்பது தரம் சொல்லவைக்கிற வேலையே அவளிடம் கிடையாது. காலுறைக்குள் கையை விட்டு அதையே பேசும் பொம்மையாக்கி, ‘நான் ஷோசெத், எனக்குக் கால் எங்கே’ என்று அழவைத்தாள். காகிதத் தொப்பி செய்து ‘ஷாபோ’ என்று கூவினால் தொப்பியைத் தூக்கவேண்டும் என்று விளையாட்டு வைத்தாள். மட்டைப் பொம்மை வெட்டி, தையற்கடையிலிருந்து எடுத்த வெட்டுத்துணியில் உடுப்பு ஒட்டச் சொன்னாள். பிள்ளைகள் காலுறையைப் பார்த்தால் ஷோசெத் என்றார்கள், களிசான் காற்சட்டையைப் பார்த்தால் பாந்தலோன் என்றார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் ஒரு நீளக் கோட்டின் படத்தைக் காட்டி, “இது மாந்தோ” என்றாள்.

“டீச்சர், இது ரெயின்கோட்டா?” என்றான் ஸிபான்.

“இல்ல. இது குளிருக்குப் போடுற.”

“குளிருக்கு ஸ்வெட்டர் தானே?”

“அத விட மிச்சம் குளிருக்கு.”

“அத விடக் குளிரெண்டா வீட்ட போய்ப் படுத்தா சரி தானே?”

வகுப்பு முழுவதும் அவன் பக்கம். நக்கிள்ஸ் மலைக் காற்றில் வளர்ந்த பிள்ளைகளிடம் இதற்கு மேல் ஒரு குளிரும் அதற்கென்று ஓர் உடுப்பும் இருக்கின்றன என்று படத்தை வைத்து நிரூபிக்க முடியாது. அன்று மாலை லோண்டரியில் அரூஸ் அந்தக் கோட்டைத் தண்ணீரிலிருந்து தூக்க இரண்டு கையாலும் திணறுவதை ரிஸ்னா பார்த்தாள். அப்போதே அவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது.

கேட்டுத்தான் பார்த்தாள். “நானா, இத ஒரு மணித்தியாலம் மட்டும் இஸ்கூலுக்கு...”

“வாயக் கழுவு,” என்றான் அரூஸ். “மனிசர் உடுப்பத் தார இல்ல நமக்கு. மானத்தத் தார.”

ஆகவே கேட்காமல் எடுத்தாள். காலையில் கடை திறப்பது அவள்தான். சுபஹு தொழுத பின் அரூஸ் கழுவிய உடுப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குத்தான் வருவான். கோட்டோடு நிற்கவுமில்லை. வகுப்பில் கட்டப்போகும் கொடி முழுவதும் தொங்க உடுப்பு வேண்டுமல்லவா? ஒரு நேர்ஸின் பாவாடை, ஹோட்டல் சமையற்காரர் ஒருவரின் நெடும் வெள்ளைத் தொப்பி, ஒரு வக்கீலின் சட்டை, கல்யாணப் பெண் ஒருத்தியின் கவுன் என்று ஆறு உடுப்புகள் கூடவே ஏறின. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி மடவளை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் வெற்றிலை போட்டிருந்தார். அவர் வாய் திறந்தபோதெல்லாம் ரிஸ்னா மூட்டையை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

*

வகுப்பறையின் ஜன்னல் கம்பிக்கும் அலுமாரிக் கைபிடிக்கும் இடையில் கொடி கட்டியிருந்தாள். பிள்ளை ஒவ்வொன்றாக வந்து ஓர் உடுப்பை எடுத்து, கிளிப் போட்டுக் கொழுவி, பெயரைச் சொல்ல வேண்டும். பின்னால் கதிரைகளில் பெற்றார். நடுவில் அதிபர் சஞ்சீவனி, கையில் ஒரு பேனாவுடன்.

“ரிஸ்னா, தொடங்குவமா? எல்லாரும் வந்திட்டினம்.”

முதல் பிள்ளை ஷெமீஸ் என்றது. வக்கீலின் சட்டை ஏறியது. ஜூப் என்று நேர்ஸின் பாவாடை ஏறியது. ரோப் என்று கல்யாணக் கவுன் ஏறியது. ரிஸ்னா வாயால் சிரித்துக்கொண்டு கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள்: மூன்றாம் வரிசைப் பையனின் மூக்கு ஒழுகுகிறது. ஜன்னலோரப் பிள்ளையின் விரலில் ஐஸிங். இன்னொருத்தி பேனாவை மூடி இல்லாமல் பிடித்திருக்கிறாள். உலகத்திலுள்ள கறைகள் எல்லாம் அந்த ஒரு வகுப்பறையில் வந்து அட்மிஷன் எடுத்திருந்தன.

கோட்டை ஸிபான் தூக்கினான். தூக்கினான் என்பது மரியாதைக்கு. கோட்டுக்குள் அவன் காணாமல் போனான். உள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

“டீச்சர், இதுக்குள்ள சுடுது.”

“அப்ப இது எனத்த?”

“மாந்தோ,” என்றது கோட்டு.

பெற்றார் கைதட்டினார்கள். சஞ்சீவனியின் பேனா ஏதோ நல்லதாக எழுதியது. ரிஸ்னா கிளிப்பைப் போட்டுக் கையை எடுத்த நொடியில் அலுமாரிக் கதவு படாரென்று திறந்து, கொடி தொய்ந்து, கோட்டு நேராக வெட்டுத்துணிக் குவியலின் மேல் விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கித் தட்டிப் பார்த்தாள், தூசிகூட இல்லை. மீண்டும் கொடியில் போடப் பயந்து பின்மூலையில் ஒரு கதிரையின் முதுகில் விரித்து வைத்தாள்.

இரண்டாவது பகுதி மட்டைப் பொம்மை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொம்மை, ஒரு கத்தரிக்கோல், பசை. துணியைத் தெரிந்தெடுத்து வெட்டி, பொம்மைக்கு உடுத்தி, என்ன உடுத்தியிருக்கிறது என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். பெற்றாரும் பிள்ளைகளோடு நிலத்தில் உட்கார்ந்து ஒட்டினார்கள். ஒரு வாப்பா தன் விரலையே பொம்மையோடு ஒட்டிக்கொண்டார். ரிஸ்னா பத்து நிமிடம் அவருடைய விரலை மீட்பதில் செலவழித்தாள். அந்தப் பத்து நிமிடம்தான்.

வகுப்பு முடிந்தது. சஞ்சீவனி வந்து, “ஓம், நல்லாச் செய்தீர். நீச்சலைப் பற்றிப் பிறகு பாப்பம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். ரிஸ்னா உடுப்புகளை மடிக்கத் தொடங்கியபோது கைபேசி அடித்தது. அரூஸ்.

“தங்கச்சி, அந்தக் கறுத்தக் கோட்டக் கண்டியா?”

அவள் கோட்டைத்தான் கையில் பிடித்திருந்தாள். “இல்லயே நானா.”

“அத டெய்லர் அர்கம்ட்ட குடுக்கோணும். பாலேந்திரன் ஐயா ஒசரம். மச்சான் கட்டை. கீழ் மடிப்புக்குள்ள துணி மடிச்சி வெச்சீக்கி, அத ரெண்டு இஞ்சி எறக்கோணும். அந்த மடிப்பு இல்லாட்டி கோட்டு அவருக்கு முழங்கால்ல நிக்கும்.” கம்பியில் உடுப்புகளை விலக்கும் சத்தம் கேட்டது. “நேத்து பொழுதுபட்டு மஃரிபுக்குப் பின்னால நான்தான் அயன் பண்ணிக் கொழுவின. கொழுவினனோ? கொழுவின தான்.”

அரூஸ் தன்னையே கேள்வி கேட்டுப் பேசி ரிஸ்னா அதுவரை கேட்டதில்லை. அவள் கைபேசியை வைத்துவிட்டுக் கோட்டைத் திருப்பினாள். வெளியில் பழுதில்லை. கழுத்து, கை, பொத்தான் எல்லாம் சரி. பிறகு கீழ் விளிம்பைப் புரட்டினாள். பின்பக்கத்து நடுவில், உள்மடிப்பில், மூன்று விரல் அகலத்துக்குத் துணியைக் காணவில்லை. அரிவாளால் வாழையிலை அறுத்த மாதிரி அவ்வளவு சுத்தமான வெட்டு.

ஷஹ்மா பக்கத்தில் வந்து நின்றாள். அடக்கமான பிள்ளை, முழு வகுப்பிலும் பென்சிலைச் சீவிய தூளைக் கையிலேந்திக் குப்பைக் கூடையில் போடுகிற ஒரே பிள்ளை. கையில் அவளுடைய பொம்மை. பொம்மை கறுப்புக் கம்பளிக் கோட்டு அணிந்திருந்தது.

“எல் போர்த் அன் மாந்தோ,” என்றாள் ஷஹ்மா, பிழையில்லாமல்.

“ஷஹ்மா, இதையேன் வெட்டின?”

“மாந்தோவுக்கு மாந்தோத் துணி தானே டீச்சர் வேணும். குவியல்ல அது ஈக்கல்ல.” பிள்ளை டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னது: “நான் வெளியால வெட்டல்ல. உள்ளுக்கு வெட்டினா ஆருக்கும் தெரியாது. வாப்பாவும் அப்பிடித்தான் ஒட்டுப்போட எடுக்கிற.”

ஷஹ்மாவின் வாப்பா மடவளைச் சந்தியில் தையற்காரர். பெயர் அர்கம்.

*

இலங்கைத் தீவிலுள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய குளிர்கோட்டுகளில் ஒன்றை, ஒருவருக்கும் தேவைப்படாத ஒரே இடத்தில் பிள்ளை நுணுக்கமாகப் பார்த்து வெட்டியிருந்தது. அந்த இடம்தான் பாலேந்திரன் ஐயாவுக்குத் தேவைப்பட்டது. ரிஸ்னா ஷஹ்மாவையும் கோட்டையும் மற்ற உடுப்பு மூட்டையையும் ஒரு திரிவீல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மடவளைச் சந்திக்குப் போனாள். பாதை ஐந்து நிமிடம். அவளுக்கு அது ஹஜ்ஜுக்குப் போய் வருகிற தூரமாக இருந்தது.

அர்கம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மடிப்பைப் பார்த்தார்.

“இது பழகின கை,” என்றார். “எந்தக் கடைல வெட்டின?”

“உங்கட மகள் வெட்டின.”

அர்கம் மகளைப் பார்த்தார். முகத்தில் கோபம் வர முயன்றது. பெருமை அதன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. பிறகு கோட்டு யாருடையது என்று கேட்டார். சொன்னதும் இரண்டும் போய்விட்டன.

“யா அல்லாஹ். அரூஸ் நேத்து சொன்ன கோட்டு தானே இது. நாலு மணிக்கு ஐயா வாராரே.”

“ஏதாலும் செய்ங்க நானா.”

அவர் மடிப்பைப் பிரித்து இறக்கினார். மூன்று விரல் பள்ளம் விளிம்பில் வாய் பிளந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியில் ஒரு பஸ் வந்து போயிற்று, இன்னொன்று வந்தது. ரிஸ்னா மணிக்கூட்டைப் பார்த்தாள்: ஒன்று பத்து. அர்கம் கத்தரிக்கோலை எடுத்துப் பள்ளத்தின் நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு சாண் நேராக வெட்டினார். ரிஸ்னா கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்க டீச்சர். பின்வெட்டு. வெள்ளக்காரன்ட கோட்டெல்லாம் இப்பிடித்தான் ஈக்கிற. பள்ளத்த ரெண்டு பக்கமும் உள்ளுக்கு மடிச்சா போயிடும்.”

இரண்டு மணித்தியாலம் தைத்தார். முடித்து, அயன் பண்ணி, கோட்டைத் தூக்கிக் காட்டியபோது, பிறந்ததிலிருந்தே அதற்கு அப்படி ஒரு வெட்டு இருந்ததாகவே தோன்றியது. அப்போதுதான் ரிஸ்னாவுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்றே அவள் நினைத்தாள்.

“அர்கம் நானா, நேத்து பின்னேரம் அஸருக்கு நீங்க எங்கட கடைக்கு வந்த தானே?”

“ஓ. ரெண்டு களிசான் எடுக்க.”

“அப்ப கோட்டையும் நானா உங்கட கையில தந்த எண்டு சொல்லிடுவோம். கேட்டா ஓ எண்டு மட்டும் சொல்லுங்க.”

அர்கம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு யோசித்தார். “அரூஸ் மறக்கிற ஆளில்லயே.”

“இந்த ஒரு தரம்.”

அவர் மகளைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

*

லோண்டரிக்குள் மூட்டையைப் பின்வாசலால் கொண்டுபோய் வைத்தாள். ஆறு உடுப்புகளும் கம்பியில் ஏறின. அரூஸ் அவளைக் காணவில்லை. நிலத்தில் மண்டியிட்டு மெஷினுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தான். கடையைப் புயல் அடித்த மாதிரி கிளறியிருந்தான். கோட்டைத் தேடிய தேடலில் மற்ற ஆறு உடுப்புகள் இல்லாதது அவன் கண்ணிலேயே படவில்லை. தேநீர் ஊற்றிய கோப்பை குடிக்கப்படாமல் ஆடை படிந்து நின்றது.

“நானா, கோட்டு கெடச்சிட்டு,” என்றாள் ரிஸ்னா. வழி முழுவதும் ஒத்திகை பார்த்த குரல். “நேத்து அஸருக்கு நீங்க அர்கம் நானாட கையில குடுத்தீக்கி. தைச்சி வெச்சீந்த. வரக்குள்ள எடுத்திட்டு வந்த.”

அவன் எழுந்து நின்றான். கோட்டைப் பார்த்தான். எண்ணைப் பார்த்தான்.

“இல்ல. நேத்து ராவு நான் இத அயன் பண்ணின. பொத்தான் ஓரத்தில நீராவி புடிச்சி... இந்தா, இந்தக் கம்பில, வக்கீல்ட சட்டைக்குப் பக்கத்தில கொழுவின. என்ட கண்ணுக்குள்ள நிக்கிது.”

“களிசானோட சேத்துக் குடுத்தீப்பீங்க. மறந்தீப்பீங்க.”

‘மறந்தீப்பீங்க’ என்ற சொல் அவளுடைய வாயிலிருந்து இறங்கி அவனிடம் போய்ச் சேர்வதை அவள் பார்த்தாள். அரூஸ் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தான். முப்பத்தெட்டு வயது, அரிசி மூட்டையைத் தூக்கினாலும் பாரம் தெரியாது, அப்படி ஓர் உடம்பு. அந்த உடம்பு காற்றிறங்கிய பந்து மாதிரி ஆகிவிட்டது.

“கண்ணுக்குள்ள நிக்கிதே,” என்றான் மறுபடியும். பிறகு: “வாப்பாவும் இப்பிடித்தான் சொன்ன. மாப்பிள்ளைட கையிலயே குடுத்தனெண்டு. அவருக்கும் கண்ணுக்குள்ள நிண்டீக்கும்.”

“அதெல்லாம் ஒண்டுமில்ல நானா. ஒரு கோட்டு தானே.”

“அவருக்கும் ஒரு கோட்டு தான்.”

ரிஸ்னாவுக்குக் கைகால் குளிர்ந்தது. மாந்தோ தேவைப்படுகிற குளிர். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நான்கு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. ஆனால் நேரம் தவறாமை பற்றி நில அளவைத் திணைக்களத்துக்கே பாடம் எடுத்த மனிதர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வேனில் பெட்டிகளும் மூன்று சொந்தக்காரர்களும்.

“தம்பி, ஆயத்தமோ? கட்டுநாயக்காவுக்கு இப்பவே வெளிக்கிட வேணும். கடுகண்ணாவையில பாதை எப்பிடி இருக்குமோ தெரியாது.”

பாலேந்திரன் கோட்டைப் போட்டார். கட்டுகஸ்தோட்டையின் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, கழுத்து வரை பொத்தான் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். பிறகு ஒரு காணியின் எல்லையைத் தேடுகிற மாதிரி கையைப் பின்னால் விட்டுத் தடவினார்.

“இதென்ன, பின்னுக்குக் கிழிச்சிருக்கு. இதை நான் சொல்லேல்லயே.”

அரூஸ் பின்வெட்டை அப்போதுதான் கண்டான். பிறகு மிக மெல்லிய குரலில், “நான்தான் மாறிச் சொல்லீப்பன் ஐயா,” என்றான். “எனக்கு... கொஞ்சம் மறதி வந்தீக்கி. மன்னிச்சிக்கொள்ளுங்க. இனி எல்லாத்தையும் எழுதி வெக்கிறன்.” திரும்பி, “தங்கச்சி, ஒரு கொப்பி வாங்கிட்டு வாறியா?” என்றான்.

ரிஸ்னா நின்ற இடத்தில் நின்றாள். கொப்பிக் கடை பக்கத்தில்தான்; இருபது அடி. போய் வாங்கிக்கொண்டு வந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஐயா போய்விடுவார், பாடசாலையில் பிரெஞ்சு இருக்கும், லோண்டரியில் ஒரு கொப்பி இருக்கும். அந்தக் கொப்பியின் முன்னால் நானா ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“நானா மறக்கல்ல,” என்றாள்.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

“நேத்து ராவு நீங்க அயன் பண்ணித்தான் கொழுவின. வக்கீல்ட சட்டைக்குப் பக்கத்தில. நான்தான் காலைல எடுத்த. இஸ்கூலுக்குக் கொண்டு போன. பிள்ளைகளுக்கு மாந்தோ காட்ட. ஒரு பிள்ள மடிப்புக்குள்ள வெட்டிட்டு. அர்கம் நானா அத மறைக்கத்தான் பின்வெட்டுப் போட்ட. நீங்க குடுத்த எண்டு சொன்னது பொய். நான் சொன்ன பொய்.”

ஒரே மூச்சில் சொன்னதால் கடைசியில் மூச்சு மிச்சமில்லை. வேனிலிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

“என்ர கோட்டு பள்ளிக்கூடம் போனதோ?” என்றார் பாலேந்திரன்.

“ஓ ஐயா.”

“பிரெஞ்சு வகுப்புக்கு?”

“ஓ.”

“அப்ப என்னை விட அதுக்குத்தான் கூடப் பிரெஞ்சு தெரியும்.” அவர் கடைக்குள் நீளமாக நான்கு அடி நடந்தார், திரும்பி நான்கு அடி நடந்தார். “முதல் போட்டுப் பாக்கேக்கை பெண்டுகள் சீலையோட நடக்கிற மாதிரி முழங்கால் இடிச்சது. இப்ப கால் அகலுது. ரயில் ஏறலாம்.” பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். “எண்டாலும் பிள்ளை, ஆக்களின்ர உடுப்பைக் கேக்காமல் எடுக்கிறது பிழை. கேட்டிருந்தால் நானே போட்டுக்கொண்டு வந்து வகுப்பில நிண்டிருப்பன்.”

கோட்டைக் கழற்றவேயில்லை. வியர்வை வழிய வேனில் ஏறினார். வேனுக்குள் இருந்தவர்கள் ஜன்னல்களைத் திறப்பது தெரிந்தது.

ரிஸ்னா திட்டுக்காகக் காத்திருந்தாள். கையை ஓங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அரூஸ் கம்பியின் இடது கோடிக்குப் போனான். முதல் உடுப்பின் எண்ணைப் பெருவிரலால் மூடினான்.

“பதினொண்டு. வத்தேகம சித்தீக் ஹாஜியார்ட மகன். செவ்வாக்கிழம தந்த. எடது கைல மை. பாரு.”

அவள் விரலை விலக்கிப் பார்த்தாள். “பதினொண்டு.”

“பதினாலு. பேக்கரி அம்மாட. சீலை. வெள்ளிக்கிழம எடுப்பா.”

“பதினாலு.”

“இருவத்திரெண்டு. நேர்ஸ் மிஸ்ட பாவாடை.” விரல் நின்றது. அவன் பாவாடையை மூக்கருகே கொண்டுபோனான். “பசை மணக்கிது. இதுவும் போனதா?”

“ஓ.”

“இது?”

“அதுவும்.”

“குசினித் தொப்பியுமா?”

“ஓ நானா.”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனான். கம்பியில் எழுபத்தெட்டு உடுப்புகள். ஒன்றையும் விடவில்லை. இருபதாவதில் குரல் தெளிந்தது. ஐம்பதாவதில் தோள் நிமிர்ந்தது. மஃரிபு பாங்கு சொல்லும்போது எழுபத்தெட்டாவதின் பெயர், ஊர், கறை, கிழமை எல்லாம் சொல்லி முடித்தான். ரிஸ்னா எழுபத்தெட்டு எண்களையும் பார்த்துச் சரியென்றாள்.

“ஒண்டுமே மாறல்லயே?” என்றான்.

“ஒண்டுமே மாறல்ல.”

அரூஸ் ஆறிப்போன தேநீரை ஆடையோடு ஒரே மடக்கில் குடித்தான். பிறகு பசை மணத்த ஆறு உடுப்புகளையும் கம்பியிலிருந்து உருவி அவளுடைய கையில் போட்டான்.

“கழுவு,” என்றான். “கையால.”